டின் மூடியில் ஒரு குறிப்பு

எட்டிப் பார்ப்பது என் பழக்கம் இல்லை. என் பியூட்டி பார்லரின் ஜன்னல் பெர்சியோ பல்புவேனாவின் பெயின்ட் கடைக்கு நேர் எதிரே திறந்திருக்கிறது, அவ்வளவுதான். குறை சொல்வதென்றால் ஜன்னல் வைத்த தச்சனைச் சொல்லுங்கள்.

தீவுக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் புவெர்த்தோ பிளாட்டாவில் மரவீடுகள் அதிகம். கடல் உப்பு வருஷம் முழுக்க அவற்றை நக்கிக்கொண்டே இருக்கும். டிசம்பர் நெருங்கினால் தெருவெல்லாம் ஏணி. நியூயார்க்கிலிருந்து விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரன் கண்ணில் உரிந்த பலகை படக் கூடாதே. ரொசாதோ வீட்டு ஜன்னலின் பச்சையை வேறு எவரும் அடிக்க மாட்டார்கள். அடித்தால் சாவு வீட்டில்கூட அவர்களோடு பேச்சு கிடையாது. லந்திகுவா சகோதரிகள் அம்மாவின் நகைகளைச் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். அம்மா வீட்டுப் பப்பாளி நிறம் யாருக்கு என்பதில்தான் பிரிந்தார்கள்.

இந்த நிறங்கள் அத்தனையும், மூவாயிரத்துச் சொச்சம் கலவைகள், பெர்சியோ கடைப் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. வீட்டுப் பெயர், எந்தப் பாகம், சிவப்பு எத்தனை சொட்டு, காவி எத்தனை சொட்டு.

அவருடைய மகள் யோகாஸ்தா. ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தியவள் நான். அதனால் அவளுக்கு நான் ஞானம்மா; அந்த ஞான உறவில் பெர்சியோ எனக்குக் கொம்பாத்ரே, அவர் மனைவி ஃபியோர் எனக்குக் கொமாத்ரே, அவர்கள் இருவருக்கும் நானும் கொமாத்ரே. பெண் கம்ப்யூட்டர் படித்தாள். படிப்பு முடிந்த வாரம், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பெர்சியோ கடைப் பலகையில் 'பல்புவேனாவும் மகளும்' என்று சிவப்பில் எழுதவைத்தார். அதே வாரம் அவள் ஸ்பெயினில் சரகோசா என்ற ஊரில் வேலை கிடைத்த செய்தியோடு வந்து நின்றாள்.

"பெயின்ட் காயுறதுக்குள்ள கிளம்பிட்டா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. நாலு வருஷம்.

'மகளும்' என்ற சொல்லின் மேல் தன் கையாலேயே வெள்ளை அடித்தார். சிவப்பின் மேல் வெள்ளை என்றால் முதலில் பிரைமர், அப்புறம் இரண்டு பூச்சு. ஊருக்கெல்லாம் இதைப் பாடமாகச் சொல்கிறவர், பிரைமர் இல்லாமல் ஒரே பூச்சோடு விட்டுவிட்டார். மழையில் பலகை நனைந்தால் 'மகளும்' ரோஜா நிறத்தில் மேலே எழும்பி வரும். நான் மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்துவதில்லை.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் போய், மூன்று மணி நேரம் கழித்து வந்தது. "வந்துருச்சு!" என்று தெருவே கத்தியது. கத்தி முடிப்பதற்குள் பெர்சியோவின் பின்னறையிலிருந்து வயர் கருகிய வாசனை. கம்ப்யூட்டர் முழுதாகச் சாகவில்லை. பத்து நிமிஷம் எரியும், சூடேறி அணைந்துவிடும். ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, சாவு வீட்டில் டாக்டர் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பெர்சியோ ஐயா, உள்ள இருக்கறத எடுத்துக்கோங்க. ஒரு வாரம் தாங்கினா பெருசு."

டிசம்பருக்கு ஆறு வாரம். பெர்சியோவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இருநூறு நிறம். மற்ற வீடுகள்?

ஃபியோர் யாருக்கும் தெரியாமல் மகளுக்குப் போன் போட்டாள். 'யாருக்கும்' என்பதில் நான் சேர மாட்டேன். போன் போட்டதே என் பார்லரிலிருந்துதான்.

"அம்மா, ஒரு நேரத்துல பத்து நிமிஷம் போதும். கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்துருவோம். எல்லாத்தையும் மேகத்துல ஏத்திடறேன்" என்றாள் யோகாஸ்தா.

"எந்த மேகத்துலடி?"

"இன்டர்நெட்டுலம்மா. இனிமே கம்ப்யூட்டர் எரிஞ்சாலும் நிறம் எரியாது."

இப்படி ஆறு மதியம். ஊரே மதியத் தூக்கம் போடுகிற நேரம் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டு, பின்னறையில் ஃபியோர் விசையைத் தட்ட, ஸ்பீக்கரில் மகள் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. கம்ப்யூட்டர் சூடேறாமல் இருக்க என் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து அதன் முதுகில் ஊதிக்கொண்டிருந்தவள் நான். மூவாயிரம் வீட்டு நிறத்தைக் காப்பாற்றிய கை இது. யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை.

பெர்சியோ முன்னறையில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மகளின் குரல் காதில் விழவே இல்லை என்று பாவனை. ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுவார்.

"அந்த இன்ஜினியரம்மாகிட்ட கேளு. என் ஊர் நிறத்தையெல்லாம் எவன் வீட்டுல கொண்டு வைக்கப்போறா?"

ஃபியோர் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் பதில் சொன்னது. "அம்மா, முதலாளிகிட்ட சொல்லு. இப்ப அது ஞானம்மாவோட ஹேர் டிரையர் காத்துல உசிரோட இருக்கு. நான் வைக்கிற இடத்துல ஒண்ணுக்கு மூணா நகல் இருக்கும். ஒரு இடம் தீப்பிடிச்சாலும் மத்தது இருக்கும்."

"மேகம்னா கலைஞ்சு போயிடும்னு சொல்லு."

"இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும்னு நீ சொல்லும்மா. ஏணி மேல நின்னுக்கிட்டே போன்ல கலவையைப் பார்க்கலாம். கரண்ட் போனாலும் பார்க்கலாம். மறந்துபோய்க் கடைக்கு ஓடி வர வேண்டாம். அவருக்கு முட்டி வலி இன்னும் இருக்கா?"

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"மாசா மாசம் வாடகை கேப்பானாமே?" என்றார் சுவரிடம்.

"அவர் லாட்டரிக்குக் கொடுக்கறதுல பாதிகூட ஆகாதுன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆறாம் நாள் கணக்கை முதலாளி பெயரில் திறக்க வேண்டும் என்றாள். பெர்சியோவின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதை அவரே சொல்ல வேண்டும். போன் டிங் என்றது. அவர் கண்ணாடியை மாட்டி, தெருவைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாகச் சொன்னார்: "நாலு. ஏழு. ஏழு. பூஜ்யம். ரெண்டு. ஒம்பது."

"வந்துருச்சு" என்றாள் யோகாஸ்தா. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நாலு வருஷம் கழித்து அப்பன் மகளுக்குச் சொன்ன முதல் வார்த்தை ஆறு எண்கள்.

"அம்மா, இன்னொண்ணு. என்னை விருந்தாளின்னு போட்டிருக்கேன். டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும். சீசன் முடியற வரைக்கும் தப்பு தவறு இருந்தா திருத்திடுவேன். அதுக்கு மேல நான் உள்ள இருக்கணுமா வேண்டாமான்னு முதலாளிதான் சொல்லணும். அவர் போன்ல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தலன்னா தானா மூடிக்கும்."

ஃபியோர் முன்னறையைப் பார்த்தாள். பெர்சியோ எழுந்து போய்க் கடையைத் திறந்துகொண்டிருந்தார், திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே.

நவம்பரில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். மேகத்தைக் கண்டுபிடித்தவரே தான்தான் என்பதுபோல் நடை. நியூயார்க்கிலிருந்து மூத்த லந்திகுவா, அம்மா வீட்டுக்கு அதே பப்பாளி வேண்டும் என்று போன் செய்தபோது, பெர்சியோ ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அங்கேயே போனைத் தடவி, "மஞ்சள் முப்பத்தொண்ணு, சிவப்பு ஒம்பது, அம்மணி" என்று தெருவுக்கே கேட்கும்படி படித்தார். கரண்ட் போன நாளில் மற்ற கடைகள் கையைப் பிசைய, இவர் இன்வெர்ட்டரில் கலவை மெஷினை ஓட்டி, போனைப் பார்த்துச் சொட்டு விட்டார். "எல்லாம் மேல இருக்குங்க" என்று விரலைக் கூரைப் பக்கம் காட்டுவார். யார் ஏற்றியது என்று கேட்டால் இருமுவார்.

ஃபியோருக்கு வேறு மாதிரி. மத்தியானம் இரண்டு மணி என்றால் சரகோசாவில் இரவு ஏழு. பெண் வேலையிலிருந்து வந்து கணக்கைத் திறக்கிற நேரம். கடைத் திரையின் மூலையில் ஒரு சின்னப் பச்சை வட்டம் தோன்றும். உள்ளே அவள் பெயரின் முதல் எழுத்து. அந்த வட்டம் வருவதற்காக ஃபியோர் மதியத் தூக்கத்தை விட்டாள். தட்டில் பச்சைத் துவரைச் சோறும் சட்டியில் அடிப்பிடித்த காந்தலும் வைத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் காப்பி குடிக்கப் போவேன். என் வீட்டில் காப்பி இல்லாமல் இல்லை.

"பாரு கொமாத்ரே, இப்ப கலேராக்கள் வீட்டு வரிசைல இருக்கா" என்பாள். திரையில் ஒரு பச்சைக் கோடு கட்டம் கட்டமாக நகரும். "எழுத்துப் பிழை திருத்துறா. சின்ன வயசுல இப்படித்தான், சோத்துல கல்லு பொறுக்கற மாதிரி."

"ஞாயித்துக்கிழமை போன்ல பேசுறியே, அது பத்தாதா?"

"போன்ல கேட்டா எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொல்லி வெச்சிடுவா. இதுல வேலை பார்த்துக்கிட்டிருக்கா பாரு. பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

ஒவ்வொரு நிறத்துக்கும் வரிசைக் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஈரப் பலகை, இரண்டு பூச்சு, இப்படி எழுதுவதற்கு. மகள் எந்த வரிசையில் நிற்கிறாளோ அந்தக் கட்டத்தில் ஃபியோர் மெதுவாக எழுத ஆரம்பித்தாள். எழுதினால் மகள் அடுத்த வரிசையில் பதில் எழுதுவாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கழுத்தை நீட்டினேன், மறைத்துவிட்டாள்.

ஆனால் ஆண்டவர் பெரியவர். அடுத்த வெள்ளிக்கிழமை பெல்கிஸ் ரொசாதோ தலை முழுக்க ரோலரோடு, கையில் பெயின்ட் டின்னோடு என் பார்லருக்குள் திரும்ப நுழைந்தாள். டிரையருக்கு அடியில் உட்காராமல் கடைக்கு ஓடிவிட்டு வந்திருக்கிறாள்.

"இதைப் படி. எனக்குக் கண்ணு சரியில்லையா, பெர்சியோவுக்குப் புத்தி சரியில்லையா?"

மூடியில் ஸ்டிக்கர். ரொசாதோ, ஜன்னல், வெளிப்பூச்சு. நீலம், மஞ்சள், சொட்டுக் கணக்கு. அதற்குக் கீழே: 'குறிப்பு: கம்பளி போட்டியா? மூக்கடைப்புன்னு ஞாயித்துக்கிழமை குரல்லயே தெரிஞ்சுது.'

"என் ஜன்னலுக்கு எதுக்குடி கம்பளி?" என்றாள் பெல்கிஸ்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கட்டம் ஸ்டிக்கரில் அச்சாகும். ஃபியோருக்கு அது தெரியாது. தெருவில் கேள்வி ஒரு வீட்டு டின்னில் போகும், பதில் இன்னொரு வீட்டுக்குப் போகும். ரொசாதோ ஜன்னல் கம்பளி கேட்டது. கலேராக்கள் வீட்டு வராந்தா 'போட்டேம்மா, நீ பின்னினதுதான்' என்றது. பள்ளிக்கூடக் கேட்டுக்கு வாங்கிய டின்னில் 'துவரை இங்க கிடைக்குது, ஆனா காந்தல் வரமாட்டேங்குது.' லந்திகுவா வீட்டுப் பப்பாளியில் 'அடுப்பைச் சின்னதா வெச்சு மறந்துடு. அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். அவர் இளைச்சுட்டார்.'

ஒரு வாரத்தில் தெருவே என் பார்லரில் கூடிவிட்டது. பெண்கள் மூடியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து எடுத்து வந்தார்கள். கேள்வியையும் பதிலையும் நான் வரிசையாக அடுக்கினேன். சிரிப்பு, கொஞ்சம் மூக்கு சிந்தல். "ஃபியோர்கிட்ட சொல்லணும்" என்றாள் ஒருத்தி.

"சொன்னா எழுதறத நிறுத்திடுவா" என்றேன் நான். "எவளாவது வாயைத் திறந்தீங்க, அடுத்த தடவை தலைக்கு டை அடிக்கறப்ப என்ன நிறம் வரும்னு எனக்கே தெரியாது."

நான் ஒரு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று தடுத்ததாக எங்கள் தெருவில் பதிவான முதல் சம்பவம் இது.

ஆனாலும் யோகாஸ்தாவுக்குப் போன் செய்தேன். ஞானத்தாய்க்குக் கடமை என்று ஒன்று இருக்கிறது. "அடியே, நீ எழுதறதெல்லாம் ஊர் மூடியில வருது."

"தெரியும் ஞானம்மா. ஸ்டிக்கரை வடிவமைச்சதே நான்தானே. எந்த வரி எங்க அச்சாகும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

"ஸ்டிக்கரை யாரு ஒட்டறது?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே பெர்சியோ ஒரு டின்னைக் கவுண்டரில் வைத்து, ஸ்டிக்கரை மூடியில் பதித்து, கட்டைவிரலால் நாலு மூலையையும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷமா நான் போட்ட கடிதம் ஒண்ணையும் அவர் பிரிக்கல. அம்மா எல்லாத்தையும் அலமாரியில வெச்சிருக்கா. இதை ஒட்டாம டின்னு வெளிய போகாது இல்லையா."

அன்றிலிருந்து நான் ஸ்டிக்கரை விட்டுவிட்டு அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன். ஒரு டின்னுக்கு நாலு மூலை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு முக்கால் நிமிஷம் ஆனது. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆனது.

ஒரு நாள் தாங்காமல் கடைக்குப் போய்க் கேட்டேன். "கொம்பாத்ரே, அந்த ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கு?"

"கலவை."

"வேற?"

"வேற என்ன இருக்கும்? உங்களுக்கு முடி வெட்டற வேலை இல்லையா கொமாத்ரே?"

டிசம்பர் முப்பது. வீடுகள் எல்லாம் ஈரமாகப் பளபளத்தன. ஃபியோர் புத்தாண்டுப் பலகாரமான பஸ்தேலை வாழையிலையில் சுற்றிக்கொண்டே அழுதாள். நானும் நூல் கட்டிக் கொடுத்தேன். மகளிடம் 'நாளன்னைக்கும் வருவியா?' என்று எழுதினாளாம். 'முதலாளியைக் கேளும்மா' என்று பதில்.

கேட்டாள். மாவுக் கையோடு கடைக்குள் போய், வாடிக்கையாளர் இருக்கும்போதே கேட்டாள்.

"பட்டனை அழுத்தறியா இல்லையா பெர்சியோ?"

"அவளா போனா. அவளா வந்தா. நான் எதை அழுத்தணும்?"

"நீ ஒரு தடவை வான்னு சொன்னியா?"

"அவ ஒரு தடவை வரட்டுமான்னு கேட்டாளா?"

"ஹேர் டிரையர் காத்துல ஆறு நாள் கேட்டாளே மனுஷா, உன் முட்டி வலிக்குதான்னு!"

வாடிக்கையாளர் மீதிச் சில்லறை வாங்காமல் போய்விட்டார். பெர்சியோ கீழே குனிந்து பிரஷ்களை அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த பிரஷ்கள். கடைசியில், "நாளைக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்கு. தொந்தரவு பண்ணாத" என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஃபியோர் கடையைச் சாத்தவில்லை. வட்டம் இருந்தது. பெர்சியோ குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி வீட்டுக்குள் போயிருந்தார். எங்கள் கடிகாரத்தில் சரியாக ஏழு மணி. வட்டம் அணைந்தது.

"கொமாத்ரே!" என்று ஃபியோர் கத்திய கத்தலில் நான் ரோலர் சீப்போடு ஓடினேன்.

எங்களுக்கு ஏழு என்றால் சரகோசாவில் பன்னிரண்டு. கணக்கைத் திறந்தது அவள். அவள் ஊர் நேரத்தில் மூடிக்கொண்டது. அது வருஷம் முடிந்துபோன ஊர்.

பெர்சியோ வெள்ளைச் சட்டையில், ஈரத் தலையோடு, போனைக் கையில் பிடித்தபடி வந்தார். திரையின் மூலையைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே" என்றார் குழந்தைபோல. அவர் போனைத் தட்டினார், மறுபடி தட்டினார். நீட்டிக்கிற பட்டன் இல்லை. நீட்டிக்க ஆளே உள்ளே இல்லை.

"நான் அழுத்தத்தான் வந்தேன் ஃபியோர்" என்றார்.

ஃபியோர் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த சீப்பை வாங்கி, அவர் ஈரத் தலையை ஒரு இழுப்பு இழுத்து வாரிவிட்டாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக நான் முக்கியமான இடத்தில் இல்லாமல் போனேன். ஜன்னலிலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒற்றை விரலால் எதையோ நெடுநேரம் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை யோகாஸ்தா எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். "ஞானம்மா, புதுசா அழைப்பு அனுப்பியிருக்கார். என்னை என்னவா போட்டிருக்கார் தெரியுமா? விருந்தாளி, வேலையாள், சொந்தக்காரர்னு மூணு இருக்கும். மூணாவதைத் தொட்டிருக்கார்."

"தெரியாம பட்டிருக்கும்" என்றேன், அவள் அழுகையை நிறுத்த.

"முடிவு தேதின்னு ஒரு கட்டம் இருக்கும். அதையும் காலியா விட்டிருக்கார்."

இரண்டாம் தேதி கடை திறந்ததும் முதல் ஆளாக நான் போய் நின்றேன். பார்லர் சுவருக்கு ஒரு டின் வேண்டும் என்றேன். "ஜூன்லதானே அடிச்சீங்க?" என்றார் பெர்சியோ. "நிறம் மங்கிடுச்சு" என்றேன். அவர் ஸ்டிக்கர் ஒட்டி, நாலு மூலையையும் அழுத்தி, கண்ணைப் பார்க்காமல் தந்தார்.

ஸ்டிக்கரின் மேலே கடைப் பெயர் இருக்கிற இடத்தில் 'பல்புவேனாவும் மகளும்'. அதை மாற்றியது அப்பனா மகளா என்பதில் எங்கள் தெரு இன்றுவரை இரண்டு கட்சி. கீழே குறிப்பு. ஃபியோர் எழுதியது இல்லை. அவள் இவ்வளவு சுருக்கமாக எழுத மாட்டாள்.

'அந்தக் குளிருக்கு அங்க பெயின்ட் காயுமா?'

பதில் வர வேண்டுமே. ஜனவரியில் எங்கள் ஊரில் எவனும் பெயின்ட் அடிக்க மாட்டான். பட்டியலில் என் பார்லருக்கு அடுத்த வரிசை ரொசாதோ ஜன்னல். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் பெல்கிஸ் தலையில் ரோலர் சுற்றும்போது சொன்னேன், அவள் ஜன்னல் ஒரு பக்கம் வெளுத்திருப்பதாக. போன மாதம் அடித்த ஜன்னல். அவள் முறைத்தாள். பிறகு ரோலரோடு எழுந்து தெருவைக் கடந்தாள்.

திரும்பி வந்து டின்னை என் மடியில் வைத்தாள். ரொசாதோ, ஜன்னல், நீலம், மஞ்சள்.

'குறிப்பு: காயும்ப்பா. ரொம்ப நாள் பிடிக்கும்.'

"இதுக்காகவா நல்லா இருந்த ஜன்னலுக்குக் காசை அழ வெச்ச?" என்றாள் பெல்கிஸ்.

"தலையை ஆட்டாத" என்றேன். ஜன்னலுக்கு வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. எதிரே பெர்சியோ கடை வாசலில் நின்று, பலகை நனைவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை.